தவிட்டுக்கு வாங்கிய அல்சேசன்

மாங்குளம்,
22.01.2024

அன்புத் தங்கச்சி சிவனேஸ்வரிக்கு, அண்ணன் தவராசா எழுதுவது.

நானும் உன் மச்சாளும் சுகம். அவளுடைய முழங்கால் நோவு மட்டும் மழையோடு கூடியிருக்கிறது. வற்றாப்பளையில் மழை விட்டதா? தபால் கந்தோர்க் கூரை ஒழுகுகிறது என்றாயே, ஆட்கள் வந்து பார்த்தார்களா?

போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். கடையில் நான் போனை எடுத்தால் தீன் வாங்க வந்த சனம் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்கும். மற்றது, இந்த விசயத்துக்கு எனக்கு எழுத்தில் சாட்சி வேண்டும்.

நேற்றுக் கனகராயன்குளத்தில் நாய்க்காரரின் நடை. வவுனியாவில் அல்சேசன் வளர்க்கிற டொக்டர், வங்கி மனேஜர், இஞ்சினியர் மாதிரி ஆட்கள் சேர்ந்து ஒரு கழகம் வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாரும் நாய்களைப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு குளக்கட்டில் நாலு கிலோமீற்றர் நடப்பார்கள், பிறகு மருதமரத்தடியில் பார்சல் சோறு. நாய் நடக்கக் கழகமா என்று எனக்குச் சிரிப்புத்தான். ஆனால் நாய்த் தீன் விற்கிறவனுக்கு இதைவிட நல்ல சந்தை ஏது? மேசை ஒன்றும் நாலு மூட்டையும் கொண்டுபோய்க் குளக்கட்டில் கடை போட்டேன்.

இருபத்திரண்டு அல்சேசன் வரிசையாக வர, ஊர்ச்சனம் படலைக்கு வந்துவிட்டது. "திரும்பவும் கண்ணிவெடி தேட வந்திட்டினமோ? துப்புரவாக்கியாச்சு எண்டு கடிதமெல்லே தந்தவை!" என்று ஒரு ஐயா என் சேட்டுக் கையைப் பிடித்தார். "இல்லை ஐயா, இது சும்மா நடக்கிற நாயள்" என்றேன். "சும்மா நடக்கிறதுக்கு எதுக்கடா இவ்வளவு பெரிய நாய்?" என்றார். அவர் கேட்டதும் ஞாயந்தான்.

அந்த வரிசையில் ஏழாவதாக வந்த பெட்டையைப் பார்த்ததும் நான் பேசிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டேன். இடது காதில் துளை. ஊசியால் குத்தி, தோடு போட்டுக் கழற்றின துளை.

உனக்கு நினைவிருக்கும். எங்கள் தாய் நாய் போட்ட குட்டிகள் இரண்டு ஈற்றிலும் ஒன்றும் தங்கவில்லை. மூன்றாம் ஈற்றில் ஒன்று மட்டும் உயிரோடு கிடந்தபோது, என் கடையில் மூட்டை தூக்கின வீரையாவின் பெண்சாதி ராக்காயி ஓடிவந்து, பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற மாதிரி, உன் மச்சாளின் கையில் ஒரு பிடி தவிட்டைக் கொடுத்துக் குட்டியை விலைக்கு வாங்கினாள். குப்பையில் ஒருக்கால் போட்டு எடுத்து, காது குத்தி, குப்பாயி என்று பேரும் வைத்தாள். உன் மனுசன் போய்ச் சேர்ந்து நீ தனித்தபோது காவலுக்கென்று நான் உனக்குத் தந்த குட்டி அதுதான். இந்த உலகத்தில் காது குத்தின அல்சேசன் இன்னொன்று இருக்குமென்றால் என் கடையை எழுதித் தருகிறேன்.

2022 ஆனியில் அது உன் வளவிலிருந்து களவு போனபோது நான் வீரையாவை வேலையால் நிற்பாட்டினேன். உன் வீட்டுக்குக் கூரைத் தகடு ஏற்றிவந்தவன் அவன்தான். எங்கே விற்றான் என்று அப்போது பிடிபடவில்லை. இப்போது விற்ற இடம் பிடிபட்டுவிட்டது. நாயைப் பிடித்துவந்தவர் கழகச் செயலாளர் தில்லைநாதன், ஓய்வுபெற்ற இஞ்சினியர்.

நாய் எந்த நாள், எத்தனை மணிக்குக் காணாமல் போனது, கடைசியாக யார் வந்தது என்று விபரமாக எழுதி அனுப்பு. பொலிசில் கொடுக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அண்ணன்


வற்றாப்பளை,
02.02.2024

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாளாச்சி புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மச்சாளின் முழங்காலுக்கு முள்ளியவளையில் ஒரு வைத்தியர் நல்ல எண்ணெய் கொடுக்கிறார். போத்தல் ஒன்று அடுத்த கிழமை அனுப்புகிறேன். நீங்கள் பிரசர்க் குளிசையை விடாமல் போடுகிறீர்களா? கந்தோர்க் கூரை இன்னும் ஒழுகுகிறது. முத்திரைப் பெட்டியை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறேன். இந்த முறை கச்சான் கடலை நல்ல விளைச்சல் என்று ஊரில் கதை.

நாய் விசயம்: அல்சேசன்கள் எல்லாம் ஒரே சாயல்தானே அண்ணா. உண்ணி கடித்தும் காதில் ஓட்டை வரும்.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
தங்கச்சி
சிவனேஸ்வரி


மாங்குளம்,
06.02.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். எண்ணெய் அனுப்பு. குளிசை போடுகிறேன்.

கூரைக்கு இரண்டு வரி, கச்சானுக்கு ஒரு வரி, நாய்க்கு இரண்டு வரி எழுதியிருக்கிறாய். ஆயிரம் கடிதத்தில் ஒரு கையெழுத்தைக் கண்டுபிடிக்கிறவள் நீ. நீ வளர்த்த நாயை உனக்குத் தெரியாதா? உண்ணி கடித்த ஓட்டை கிழிசலாக இருக்கும். இது தட்டான் குத்தின மாதிரி வட்டமாக இருக்கிறது.

யாராவது உன்னை வெருட்டுகிறார்களா? வீரையாவின் ஆட்கள் வந்து கதைத்தார்களா? ஒளிக்காமல் எழுது.

அடுத்த நடை 18ஆம் திகதி, மாங்குளத்துக்குப் பக்கத்திலேயே. எல்லாருக்கும் முன்னால் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறேன். கழகத்தில் அதற்கு டச்சஸ் என்று பேராம்.

அண்ணன்


மாங்குளம்,
19.02.2024

தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் கந்தோரில் இருக்கிறவளுக்கு முத்திரை கிடைக்கவில்லையா? சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

நேற்று நடந்ததைக் கேள். நாய்கள் குளக்கட்டில் ஏறின நேரம் நான் மேசைக்குப் பின்னாலிருந்து "குப்பாயி! எடி குப்பாயி!" என்று கூப்பிட்டேன். டச்சஸ் அம்மா வாரைப் பறித்துக்கொண்டு ஓடிவந்து மேசைமேல் இரண்டு காலையும் போட்டாள். மாதிரிக்கு வைத்த தீன் முழுவதும் நிலத்தில். வங்கி மனேஜரின் நாயும் அதற்குள் வாய் வைத்து, நாலு நாய் சண்டை பிடித்து, நடை அரைமணித்தியாலம் நின்றுபோனது.

தில்லைநாதன் நாயைப் பிடிக்காமல் நேரே என்னிடம் வந்தார்.

"இந்தப் பேர் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"நான் வளர்த்த நாய் ஐயா. என்ரை தங்கச்சி வீட்டிலை களவு போனது. ஆரிட்டை வாங்கினனீங்கள்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கள் வற்றாப்பளை தபால் கந்தோர் அம்மாவின்ரை தமையனோ?"

"ஓம்."

"எனக்கு இந்த நாய் முறையா வந்தது தவராசா. கையெழுத்து வைச்ச கடிதம் வீட்டிலை இருக்கு. ஆனா தந்த ஆளின்ரை பேரைச் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

"களவுச் சாமானுக்கு வாக்கோ?" என்றேன்.

"களவில்லை" என்றார். சோறும் சாப்பிடாமல் நாயை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நீ தபால் கந்தோரில் வேலை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாயை விற்றவன் சொல்லாமல் தெரிய வழியில்லை. வீரையாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், சம்பளத்துக்கு வைப்பவன்தானே.

உடனே பதில் போடு.
அண்ணன்


வற்றாப்பளை,
03.03.2024

அண்ணாவுக்கு,

பிந்திய பதிலுக்குக் குறை நினைக்க வேண்டாம். ஒரு கிழமையாகத் தடிமன், இப்போது பரவாயில்லை. மச்சாளின் எண்ணெய் இத்துடன் வருகிறது. இரவில் சூடாக்கிப் பூசச் சொல்லுங்கள்.

நாய் நன்றாக இருக்கிறது என்றால் இருக்கட்டுமே அண்ணா. பொலிஸ் எதற்கு? வீரையா பிள்ளை குட்டிக்காரன்.

வீரையா இப்போது எங்கே வேலை செய்கிறார்? வீட்டு விலாசம் தெரிந்தால் அனுப்புங்கள்.

சிவனேஸ்வரி


மாங்குளம்,
08.03.2024

தங்கச்சிக்கு,

எண்ணெய் கிடைத்தது. உன் மச்சாள் நல்லது என்கிறாள். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

வீரையாவின் விலாசம் உனக்கு எதற்கு? நீ எதையோ மறைக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. முப்பது வருசம் வியாபாரம் செய்தவன் நான். வாங்க வந்தவனையும் பார்க்க வந்தவனையும் நடையிலேயே பிரிப்பேன்.

அவன் கல் உடைக்கிற இடத்தில் நாட்கூலி. வீடு குளத்தடிக் குடியேற்றத்தில் கடைசி வளவு. நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வேலை போனதால் ஒன்றரை வருசம் கஷ்டப்பட்டார்களாம். மூத்தவளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டிவிட்டார்களாம். இதெல்லாம் ராக்காயி சொன்னது. குளக்கட்டுக் கதை அவள் காதுக்கும் எட்டி, முந்தநாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"மொதலாளி, குப்பாயி கெடைச்சிருச்சாமே?"

"கிடைச்சது. உன்ரை மனுசன் வித்த இடமும் கிடைச்சது."

"தவுட்டுக்கு வாங்குனவ நானு. நானா பெத்த மாதிரி காது குத்திப் பேரு வச்சவ நானு. வீட்டுப் புள்ளய எவனாச்சும் களவாண்டு விப்பானா?"

"தவிட்டுக்கு வாங்கினது சடங்கு. அதுக்குப் பற்றுச்சீட்டு இருக்கோ?"

"ஒங்களுக்குச் சடங்குங்க. எங்களுக்குப் புள்ளைங்க."

இப்படிச் சொல்லிவிட்டு, கடையில் நின்றவர்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போனாள். நான் நம்பவில்லை. வாய்க்காரி.

24ஆம் திகதி நடை உங்கள் வற்றாப்பளையிலேயே என்று அறிவித்திருக்கிறார்கள். அன்றைக்குத் தில்லைநாதன் பேரைச் சொல்லாவிட்டால் மறுநாள் திங்கள் பொலிசில் என்ட்ரி போடுவேன். வீரையாவைத் தூக்கி இரண்டு நாள் வைத்தால் தானாகச் சொல்லுவான்.

அண்ணன்


வற்றாப்பளை,
12.03.2024

கனம் தில்லைநாதன் ஐயா அவர்களுக்கு,

நீங்களும் நாயும் நலமென நம்புகிறேன்.

நாயை உங்களுக்குத் தந்தது நான் என்பதை எவருக்கும், முக்கியமாக என் அண்ணாவுக்கு, சொல்ல வேண்டாம் என்று 2022இல் கேட்டேன். அண்ணாவிடம் நாயைக் காணவில்லை என்று எழுதினேன். அதனால் அவருடைய கடையில் மூட்டை தூக்கிய வீரையா என்பவர் கள்ளன் என்று துரத்தப்பட்டார். இப்போது பொலிஸ்வரை வந்திருக்கிறது.

உங்கள் வாக்கிலிருந்து உங்களை விடுவிக்கிறேன். ஆனால் என் கடிதத்தை நீங்கள் காட்ட வேண்டாம். நானே சொல்ல வேண்டும். 24ஆம் திகதி நடையில் எனக்கு ஐந்து நிமிடம் தருவீர்களா?

இப்படிக்கு,
சி. சிவனேஸ்வரி


வவுனியா,
16.03.2024

அன்புச் சகோதரிக்கு,

கடவுள் கிருபையால் சுகம். நாயும் சுகம், போன ஆவணியில் ஐந்து குட்டி போட்டது, ஐந்தும் தங்கிவிட்டன.

ஒரு மனிதனின் பிழைப்பு இதனால் போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நாள்கூட வாக்கைக் காத்திருக்க மாட்டேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் ஐந்து நிமிடம் அல்ல, தேவையான நேரத்தை எடுங்கள். நடையைத் தபால் கந்தோர் வாசலில் தொடங்குகிறோம், காலை ஆறரைக்கு.

தில்லைநாதன்


வற்றாப்பளை,
19.03.2024

அண்ணாவுக்கு,

சுகம் கேட்டு எழுத இன்று எனக்கு முகமில்லை.

குப்பாயியை யாரும் களவெடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன். கழகத்தின் விளம்பரத்தைப் பார்த்து நானே தில்லைநாதன் ஐயாவுக்கு எழுதினேன். பெற்றோல் இல்லாத நேரம். பஸ்சில் வந்தவர், முல்லைத்தீவு மீன் லொறிக்காரரைக் கெஞ்சி நாயை ஏற்றிக்கொண்டு போனார். அவரிடம் இருக்கிற கடிதத்தில் உள்ளது என் கையெழுத்து.

ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் காவலுக்குத் தந்தீர்கள். அது நன்றாகக் காத்தது. ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கஜேந்தினி கறியை வேலிக்கு மேலால் நீட்டிவிட்டு ஓடுவாள். என் வளவுக்குள்ளால் குறுக்கே போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிப் போனார்கள். அந்த வருசம் அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு மடிப்பிச்சை கேட்டு வந்த பெண்கள் என் படலையில் நின்று நாயைப் பார்த்தார்கள். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். சுளகில் அரிசியோடு வாசலில் நின்றேன் அண்ணா. அம்மனுக்குக்கூட என் வீட்டு அரிசி போகவில்லை. கூலிக்கு வந்தவர்களை விட்டால், மூன்று வருசத்தில் என் படலையைத் திறந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

உங்களிடம் சொன்னால் இன்னொரு நாய் கொண்டுவந்து கட்டுவீர்கள் என்று தெரியும். அதனால் காணவில்லை என்று எழுதினேன். இரண்டு நாள் ஏசுவீர்கள், பிறகு மறப்பீர்கள் என்று நினைத்தேன். வீரையா என் நினைவிலேயே இல்லை. அவரை நிற்பாட்டியதாக உங்கள் கடிதம் வந்த அன்றே நான் எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். அடுத்த நாள் என்று வைத்தேன். அடுத்த நாள் இன்னும் கடினமாக இருந்தது. அப்படியே ஒன்றேமுக்கால் வருசம்.

வீரையாவையும் ராக்காயியையும் 24ஆம் திகதி வரச்சொல்லி எழுதியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள். பொலிசுக்குப் போக வேண்டுமென்றால் என் பேரைக் கொடுங்கள்.

சிவனேஸ்வரி


வற்றாப்பளை,
02.04.2024

அண்ணாவுக்கு,

நீங்கள் வரவில்லை. பதிலும் போடவில்லை. மச்சாள் போனில் இருவரும் சுகம் என்றா. அதற்கு மேல் அவா கதைக்கவில்லை.

நடந்ததை உங்களுக்கு எழுதுவது என் கடமை. கந்தோர் வாசலில் பத்தொன்பது நாய்கள், முப்பது பேர், ஊர்ச்சனம் வேறு. ராக்காயியைக் கண்டதும் குப்பாயி வாலாலேயே நடந்தது. "அடியே எம்மவளே! தோடு எங்கடி? வித்துத் தின்னுட்டியா?" என்று அவா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதா. நான் கந்தோர்ப் படியில் ஏறி நின்று, பொய் சொன்னது நான், வீரையா குற்றமில்லாதவர் என்று உரத்துச் சொன்னேன். பிறகு எல்லாரும் கடனீரேரிக் கரையால் நடந்தோம். ராக்காயிதான் குப்பாயியைப் பிடித்துக்கொண்டு நடந்தா.

வீரையா நடக்க வரவில்லை. படியடியில் நின்று என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "அம்மா, நீங்க சொன்னது நாய்க்காரங்களுக்கு. என்னையத் திருடன்னு சொன்னது கடை வாசல்ல, மாங்குளத்துச் சனத்துக்கு முன்னாடி. அத மொதலாளிதான் சொல்லணும்."

அவருடைய மூத்தவளின் பள்ளிக்கூடச் செலவை நான் பொறுப்பேற்கக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

உங்கள் முடிவு உங்களுடையது. குளிசையை விட வேண்டாம்.

சிவனேஸ்வரி


மாங்குளம்,
16.04.2024

தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறோம். வருசப் பிறப்புக்கு மச்சாள் உனக்குப் பலகாரம் கட்டி வைத்திருக்கிறாள், பஸ்சில் வரும்.

நாலு கிழமையாக உனக்குப் பதில் எழுதவில்லை. கோபம். என் தங்கச்சி என்னை முட்டாளாக்கினாளே என்ற கோபம். உன் கடிதத்தை இரண்டு தரம் கிழிக்கப் பார்த்தேன்.

12ஆம் திகதி, வருசத்துக்கு முந்தின வெள்ளி, கடையில் நிற்க இடமில்லாத நேரம் பார்த்து வீரையாவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார், அன்றைக்கு நான் துரத்தின அதே இடம்.

"எல்லாரும் கேளுங்கோ. இவன் நாய் களவெடுக்கேல்லை. நான் பிழையாப் பழி போட்டிட்டன்" என்றேன்.

"இவன் இல்லீங்க மொதலாளி. பேரச் சொல்லுங்க."

"வீரையா களவெடுக்கேல்லை."

முடிந்தது என்று நினைத்து, தேத்தண்ணி சொல்லத் திரும்பினேன்.

"ஒரே ஒரு கேள்விங்க" என்றார். "அந்த வாரம் அம்மா வீட்டுக் கூரை வேலைக்கு நாலு பேரு போனோம். தச்சு வேல ரெண்டு பேரு, கரண்டுக்காரரு ஒருத்தரு, நானு. நான் செவ்வாக்கெழம தகட எறக்கிட்டு வந்துட்டேன். அவங்க சனிக்கெழம வரைக்கும் இருந்தாங்க. அவங்க மூணு பேருகிட்டயும் கேட்டீங்களா?"

"கேக்கேல்லை."

"ஏங்க?"

வாயால் பிழைக்கிறவன் நான். விலை கேட்டாலும் கடன் கேட்டாலும் மறுமொழி நாக்கில் இருக்கும். அன்று தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினேன். திரும்ப வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டேன். "வேணாங்க" என்று சொல்லி, தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்.

ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். மற்ற மூன்று பேரும் யாழ்ப்பாணத்து ஆட்கள், எங்களுடைய ஆட்கள். வீரையா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அவர்களை எங்கள் ஆட்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியும்; நானும் கூப்பிட்டிருக்கிறேன். நாயைக் காணவில்லை என்று உன் கடிதம் வந்த அன்று நான் யோசிக்கவேயில்லை. கடிதத்தை மடிக்க முதலே அவருடைய பேர் வந்துவிட்டது.

நீ எழுதியது ஒரு வரிப் பொய். அதில் எவருடைய பேரும் இல்லை. பேரைப் போட்டது நான்.

இதைக் கடையில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவருடைய மகளின் பள்ளிக்கூட விசயமாக நீ போகும்போது இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் அவரிடம் வாசித்துக் காட்டு.

உன் அண்ணன்
தவராசா